22 கிலோமீட்டருக்கு 80 கிலோமீட்டர்: புதுச்சேரி – கடலூர் ரயில் இணைப்பு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு ரயிலில் போக நினைப்பவர், கடலூர் தெற்கே இருக்க, மேற்கு நோக்கிப் புறப்பட வேண்டும். வில்லியனூர், சின்னபாபுசமுத்திரம், வளவனூர் என்று 38 கிலோமீட்டர் சென்று விழுப்புரத்தில் இறங்கி, மயிலாடுதுறைப் பக்கம் போகும் வண்டிக்காகக் காத்திருந்து, பண்ருட்டி, நெல்லிக்குப்பம் வழியாகத் திருப்பாதிரிப்புலியூர் வந்து சேரும்போது அவர் 80 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்திருப்பார். சாலையில் இதே இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் தாண்டினால் கடலூர் வந்துவிடும். புதுச்சேரிப் பேருந்து நிலையத்தில் நிற்கும் எவரிடமும் கடலூருக்கு ரயில் உண்டா என்று கேட்டால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் தவறும் இல்லை.

ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ரயில் ஓடும் இரண்டு ஊர்கள், இரண்டுமே கடற்கரை ஊர்கள், இரண்டுமே துறைமுகமாக விளங்கியவை, ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருக்கும் தூரத்தில் இருந்தும், தண்டவாளத்தால் இணைக்கப்படாமல் போனது எப்படி என்பது இவ்வாய்வின் முதல் கேள்வி. ரயில்வே அரசுடைமையாகி எண்பது ஆண்டுகள் கடந்த பின்னும் அந்த இடைவெளி ஏன் அப்படியே இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. இரண்டில் இரண்டாவதே கடினமானது. முதலாவதற்குக் கம்பெனிகளையும் பேரரசுகளையும் காட்டிவிடலாம். இரண்டாவதற்கு நம்மையேதான் காட்ட வேண்டியிருக்கிறது.

கம்பெனி வரைந்த வரைபடம்

தென்னிந்தியாவில் இருப்புப்பாதை வந்தது கம்பெனிகளின் மூலமாக. பிரிட்டனில் பங்கு திரட்டிய கம்பெனிகளுக்கு, அவை போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவிகித வருவாயை அரசு உத்தரவாதம் செய்வது அன்றைய ஏற்பாடு. வண்டியில் கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த 5 சதவிகிதம் லண்டனில் இருந்த பங்குதாரர்களுக்குப் போய்ச் சேரும். குறைவதை இந்திய வரிப்பணம் ஈடுகட்டும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையின் பிற்பகுதியில் இதற்கு வேலை இருக்கிறது.

கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே கம்பெனி 1861இல் நாகப்பட்டினம் – தஞ்சாவூர் பாதையைத் திறந்தது. அது அகலப் பாதையாகவே போடப்பட்டது. பிறகு 1870களில் மீட்டர் பாதையாகக் குறுக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து அதே பாதை மறுபடியும் அகலமாக்கப்பட்டது என்பதைப் படிக்கும்போது, போட்ட சட்டையைப் பிரித்துத் தைத்து மீண்டும் பிரித்த கதைதான் நினைவுக்கு வருகிறது. 1874இல் அந்தக் கம்பெனியும் கர்நாட்டிக் ரயில்வேயும் இணைந்து தென்னிந்திய ரயில்வே கம்பெனி உருவானது. சென்னையிலிருந்து செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் பாதையை அக்கம்பெனி 1870களின் பிற்பாதியில் போட்டு முடித்துக்கொண்டு வந்தது. தாது வருடப் பஞ்சம் தமிழகத்தை வாட்டிய ஆண்டுகளும் அவைதாம். இன்றும் ‘மெயின் லைன்’ என்று ரயில்வேக்காரர்கள் சொல்வது இந்தப் பாதையைத்தான்.

இப்பாதை விழுப்புரத்தில் தென்கிழக்காகத் திரும்பிக் கடலூரை நோக்கி வருகிறது. தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகரம் கடலூர். துறைமுகமும் அங்கே இருந்தது. ஆகவே பாதை கடலூரைத் தொட்டதில் வியப்பில்லை. புதுச்சேரியோ பிரெஞ்சுக்காரர்களின் கையில் இருந்தது. பிரிட்டிஷ் கம்பெனியின் பெரும்பாதை பிரெஞ்சு மண்ணின் வழியாகப் போவதை எந்த அதிகாரியும் விரும்பியிருக்க முடியாது. அதனால் புதுச்சேரிக்குக் கிடைத்தது கிளைப்பாதை மட்டுமே. விழுப்புரம் – புதுச்சேரி மீட்டர் பாதை 1879 டிசம்பரில் திறக்கப்பட்டது. பிரெஞ்சு எல்லைக்குள் அமைந்த ஏறத்தாழ எட்டு மைல் நீளமுள்ள பகுதி பாண்டிச்சேரி ரயில்வே கம்பெனி என்ற தனிக் கம்பெனிக்குச் சொந்தமாக இருந்தது. ஆனால் அதில் வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வேதான். எஞ்சின் ஒருவருடையது, தண்டவாளம் இன்னொருவருடையது, மண் மூன்றாமவருடையது. காரைக்காலுக்கும் இதே கதைதான்: 1898இல் திறக்கப்பட்ட பேரளம் – காரைக்கால் பாதை பிரெஞ்சு அரசுக்கு உரியது, ஓட்டியது தென்னிந்திய ரயில்வே.

கிளையைக் கடலூரிலிருந்து வடக்கே இழுக்காமல் விழுப்புரத்திலிருந்து கிழக்கே இழுத்ததற்கு மூன்று காரணங்களை ஊகிக்க இடமிருக்கிறது. சென்னையிலிருந்து வருபவருக்கு விழுப்புரம் வழியே குறுக்கு வழி, இது முதலாவது. புதுச்சேரி வணிகர்களின் கண் கடலூர் மீது இல்லை, உள்நாட்டின் மீதுதான் இருந்தது என்பது இரண்டாவது. தென்னார்க்காட்டில் விளைந்த மணிலாக்கொட்டை (வேர்க்கடலையை இந்தப் பக்கம் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள்) மூட்டை மூட்டையாகப் புதுச்சேரிக்கு வந்து, அங்கிருந்து மார்செய் துறைமுகத்துக்குக் கப்பலேறியது. அந்தச் சரக்குக்கு வேண்டியது மேற்கே போகும் பாதை. 1890களின் தொடக்கத்தில் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, வேலூர் வழியாகக் காட்பாடிக்குப் பாதை போடப்பட்டபோது அந்தத் தேவை இன்னும் நன்றாக நிறைவேறியது. மூன்றாவது காரணம் நிலம். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே சுண்ணாம்பாறும் தென்பெண்ணையும் முகத்துவாரத்தை நெருங்கி அகன்று ஓடுகின்றன. அதோடு, பிரெஞ்சுக் கிராமங்களும் பிரிட்டிஷ் கிராமங்களும் சதுரங்கப் பலகை போலக் கலந்து கிடந்த பகுதி அது. ஒரு நேர்கோட்டில் தண்டவாளம் போட்டால் அது எத்தனை முறை எல்லையைத் தாண்டும் என்று எண்ணிப் பார்த்தால், எந்தப் பொறியாளரும் கோப்பை மூடிவைத்துவிடுவார்.

அந்த எல்லை வெறும் வரைபடக் கோடு அல்ல. பத்தாண்டுகள் புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார் 1918 நவம்பரில் அதைத் தாண்டியதும் கைது செய்யப்பட்டுக் கடலூர் சிறையில் அடைக்கப்பட்டார். மனிதருக்கு அப்படி என்றால் சரக்குக்குச் சுங்கம்.

மூன்று தவணைகளில் அரசுடைமை

‘ரயில்வே தேசியமயமாக்கப்பட்டது’ என்று ஒரே வரியில் எழுதிவிடுவது வழக்கம். தென்னிந்திய ரயில்வேயைப் பொறுத்தவரை அது ஒரே நாளில் நடந்ததல்ல. 1890ஆம் ஆண்டின் முடிவில் இந்திய மந்திரி (இந்தியாவுக்குப் பொறுப்பான பிரிட்டிஷ் அமைச்சர்) அக்கம்பெனியின் பாதையை விலைக்கு வாங்கிவிட்டார். வாங்கியதை நடத்துவதற்கு மீண்டும் லண்டனில் பதிவான ஒரு புதிய கம்பெனியிடமே ஒப்படைத்தார். பெயர் பழையதுதான்: தென்னிந்திய ரயில்வே கம்பெனி. அதாவது, கம்பெனி ஆட்சி என்று நாம் நினைக்கும் காலத்தின் பெரும்பகுதியில், வீடு அரசுடையது, குத்தகைக்காரர்தான் கம்பெனி. இந்த வேறுபாடு பயணிக்குத் தெரியாமலிருக்கலாம். ஆனால் ஆய்வுக்கு முக்கியம். ஏனென்றால், புதிய பாதை எங்கே போட வேண்டும் என்பதில் அரசின் குரல் 1944இல் புதிதாக வந்ததல்ல.

1920–21இல் ஆக்வொர்த் குழு ரயில்வேக்களை அரசே நேரடியாக நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1924இல் ரயில்வே நிதி பொது நிதியிலிருந்து பிரிக்கப்பட்டது. 1925இல் ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயும் கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயும் அரசின் கைக்கு வந்தன. தெற்கு காத்திருந்தது. 1944 ஏப்ரல் 1 அன்றுதான் தென்னிந்திய ரயில்வேயும் மதராஸ் தென் மராட்டா ரயில்வேயும் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தன. இடைப்பட்ட காலத்தில், பட்டறைகளைத் திருச்சிக்கு அருகே பொன்மலையில் ஒன்றுசேர்த்ததோடு வந்த ஆட்குறைப்பை எதிர்த்து 1928இல் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. அதற்காகச் சிங்காரவேலர் சிறை சென்றார். முதலாளி மாறினால் நிலைமை மாறும் என்று தொழிலாளர்கள் எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் துப்பாக்கிச் சூடு நடந்து ஐந்து தொழிலாளர்கள் இறந்தபோது, அந்த ரயில்வே அரசுடைமையாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மூன்றாவது தவணை 1951 ஏப்ரல் 14. தென்னிந்திய ரயில்வே, மதராஸ் தென் மராட்டா ரயில்வே, மைசூர் அரசு ரயில்வே ஆகிய மூன்றும் இணைந்து, நாட்டின் முதல் மண்டலமாகத் தெற்கு ரயில்வே பிறந்தது. ஒரே அட்டவணை, ஒரே கட்டண முறை, ஒரே பணி விதிகள். இந்த ஆய்வுக்கு உறுத்தலான செய்தி இங்கேதான் இருக்கிறது: அன்றைக்குப் புதுச்சேரி இந்தியாவில் இல்லை. கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று வாக்கெடுப்பு நடந்து, நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான ஒப்படைப்புக்கு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரயில்வேயை ஒருங்கிணைத்த பெருந்திட்டம் வரையப்பட்ட வேளையில், விழுப்புரம் கிளையின் கிழக்கு நுனி வெளிநாட்டில் கிடந்தது. இணைக்கப்பட்ட வலைப்பின்னலில் அது ஒரு தொங்கல் நூலாகவே உள்ளே வந்தது. எல்லை மறைந்த பிறகும் அந்த நூலை இழுத்து முடிச்சுப் போட யாரும் அமரவில்லை.

அப்போது அதற்கு அவசரமும் இல்லைதான். புதுச்சேரியின் பழைய கப்பல் பாலம் 1952 புயலில் அழிந்திருந்தது. மணிலாக்கொட்டை ஏற்றுமதியின் பொற்காலமும் போயிருந்தது. பேருந்துகள் பெருகிக்கொண்டிருந்தன.

கடலூரும் இழந்தது

புதுச்சேரி மட்டும் ஓரங்கட்டப்பட்டதாகப் பேசுவது நியாயமாகாது. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்கு நேரே செல்லும் ‘கார்டு லைன்’ 1920களின் இறுதியில் வந்ததும், கடலூர் தன் இடத்தை இழக்கத் தொடங்கியது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு இலங்கைக்குப் போகும் போட் மெயில் கடலூர் வழியாகத்தான் போக முடியும். வேறு பாதை அப்போது இல்லை. கார்டு லைன் வந்தபின் சென்னை – திருச்சி தூரம் 60 கிலோமீட்டருக்கு மேல் குறைந்தது. விரைவு வண்டிகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் திரும்பின. பெயரளவில் மெயின் லைன், நடைமுறையில் துணைப்பாதை என்ற நிலைக்குக் கடலூர்ப் பாதை வந்தது. இன்றும் சோழன் எக்ஸ்பிரஸ் போன்ற சில வண்டிகளே பகலில் சென்னையிலிருந்து அந்தப் பழைய வழியே திருச்சி வரை போகின்றன.

கடலூருக்கு இரண்டு நிலையங்கள் இருப்பது வெளியூர்க்காரரைக் குழப்பும். உள்ளூரில் ‘என்.டி.’ என்றால் புதுநகர், அதாவது திருப்பாதிரிப்புலியூர், ‘ஓ.டி.’ என்றால் முதுநகர், அதாவது கடலூர் துறைமுகச் சந்திப்பு. ஆட்சியர் அலுவலகமும் பேருந்து நிலையமும் என்.டி. பக்கம், விருத்தாசலம், நெய்வேலிப் பாதை பிரிவது ஓ.டி.யில். வண்டி எந்த நிலையத்தில் நிற்கும், எதில் நிற்காது என்பது கடலூரில் எப்போதும் ஒரு வழக்கு. அகலப் பாதையாக்கும் பணிக்காக விழுப்புரம் – மயிலாடுதுறை இடையே 122 கிலோமீட்டரில் 2006 இறுதியில் வண்டிகள் நிறுத்தப்பட்டு, 2010இல்தான் மீண்டும் ஓடின. அந்த ஆண்டுகளில் திருப்பாதிரிப்புலியூர் நடைமேடையில் ரயிலைக் காணாமலே வளர்ந்த பிள்ளைகள் உண்டு. ரயில் இல்லாத பழக்கம் அப்படித்தான் ஊன்றியது. பேருந்துக்குப் பழகிய கால் திரும்புவது எளிதல்ல.

விழுப்புரத்தில் என்ன நடக்கிறது

இனி இயக்கத்தைப் பார்க்கலாம். புதுச்சேரிப் பாதையும் கடலூர்ப் பாதையும் விழுப்புரத்தின் தென்பக்கமாகவே நிலையத்துக்குள் நுழைகின்றன. ஆகவே சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வரும் வண்டிக்குச் சிக்கல் இல்லை. வடக்கே நுழைந்து தெற்கே வெளியேறிவிடும். புதுச்சேரியிலிருந்து கடலூருக்கோ திருச்சிக்கோ போகும் வண்டிதான் வந்த வாசலிலேயே திரும்ப வேண்டும். புதுச்சேரி – கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் விழுப்புரத்தில் திசை மாறுவதை நடைமேடையில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

அதை ஒரு மாலையில் முழுமையாகக் கவனித்தேன். வண்டி நின்றதும் ஊழியர் ஒருவர் எஞ்சினுக்கும் முதல் பெட்டிக்கும் இடையே இறங்கி, பிரேக் குழாய்களைப் பிரித்து, கப்ளிங்கைக் கழற்றுகிறார். காற்று சீறி அடங்குகிறது. எஞ்சின் தனியாக முன்னே போய், பாதையைத் திருப்பிவிடும் பாயிண்ட் மாற்றப்பட்டதும், பக்கத்துப் பாதையில் வண்டியின் முழு நீளத்தையும் கடந்து மறுமுனைக்கு வருகிறது. அதுவரை கடைசிப் பெட்டியாக இருந்தது இப்போது முதல் பெட்டி. அதன் பின்புறம் தொங்கிய ‘எல்.வி.’ (லாஸ்ட் வெஹிக்கிள், கடைசிப் பெட்டி) பலகையை எடுத்துக்கொண்டு போய், மறுமுனைப் பெட்டியில் மாட்ட வேண்டும். வண்டியின் எந்தப் பெட்டியும் வழியில் அறுந்து நிற்கவில்லை என்பதை அடுத்த நிலைய அதிகாரி அந்தப் பலகையைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்வார். சிறிய தகரத் துண்டுதான், ஆனால் அது இல்லாமல் வண்டி பகுதியைக் கடந்துவிட்டதாகக் கணக்கு எழுத முடியாது. பிறகு எஞ்சினைச் சேர்த்து, குழாயை இணைத்து, காற்றழுத்தம் கடைசிப் பெட்டி வரை ஏறுகிறதா என்று பிரேக் சோதனை. இதற்குள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் எதிர்த்திசைக்கு முகம் மாற்றிக்கொண்டுவிட்டன. எல்லாம் சேர்த்து 20 நிமிடத்திலிருந்து அரைமணி நேரம் ஆகிறது.

இரு முனையிலும் ஓட்டுநர் அறை உள்ள மெமு என்னும் மின்சாரப் பயணி வண்டிக்கு இந்த வேலை எதுவும் தேவையில்லை. லோகோ பைலட் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து போனால் போதும். இப்போது இரண்டு பாதைகளிலும் மின்கம்பி இருப்பதால், புதுச்சேரியிலிருந்து விழுப்புரத்தில் திரும்பிக் கடலூர் வரும் ஒரு மெமுவை விடுவதற்குத் தொழில்நுட்பத் தடை இல்லை. தடை பாதையின் இடவசதியில் இருக்கிறது. இரண்டுமே ஒற்றைப் பாதைகள். ஒற்றைப் பாதையில் இரண்டு நிலையங்களுக்கு இடையே ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான் இருக்கலாம். முன்பு இதற்கு ‘டோக்கன்’ முறை இருந்தது. இரு நிலையங்களிலும் உள்ள கருவிகள் மின்கம்பியால் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்கும். ஒன்றிலிருந்து இரும்புக் குண்டை எடுத்துவிட்டால், அது அடுத்த நிலையத்தின் கருவிக்குள் போய்ச் சேரும் வரை இன்னொரு குண்டு எங்கும் வெளிவராது. அந்தக் குண்டைப் பையிலிட்டுப் பெரிய வளையத்தில் கட்டி, ஓடும் எஞ்சினில் இருப்பவர் கையில் மாட்டும்படி நீட்டுவார்கள். இன்று பொத்தானும் திரையும் வந்துவிட்டன. ஆனால் அடிப்படைக் கணக்கு அதுவே: எதிரே வரும் வண்டிக்காக ஒன்று நிலையத்தில் ஒதுங்கி ‘கிராசிங்’கில் நிற்காமல் இன்னொன்று நகராது. விழுப்புரம் போன்ற ஐந்து திசைச் சந்திப்பில், மேலும் ஒரு வண்டியை உள்ளே இழுத்துத் திருப்பி அனுப்ப இடமும் நேரமும் கண்டுபிடிப்பது அட்டவணை போடுபவருக்குப் பெரும்பாடு.

அப்படியே கண்டுபிடித்தாலும், 80 கிலோமீட்டரை நின்று நின்று கடக்கும் வண்டிக்கு இரண்டு மணி நேரமாவது ஆகும். பேருந்துக்கு ஒரு மணி நேரமே அதிகம். விழுப்புரத்துக்குக் கிழக்கே ஒரு வளைவுப் பாதை போட்டு, புதுச்சேரிப் பாதையையும் கடலூர்ப் பாதையையும் நேராக இணைத்தால் திருப்புகிற வேலை மிச்சமாகும் என்று சிலர் சொல்வதுண்டு. அது கன்னியாகுமரி செல்பவருக்கு உதவாது. அவருடைய பாதை வேறு. கடலூர் செல்பவருக்கோ சில கிலோமீட்டரே குறையும். என் கணிப்பில் அது அரைகுறை மருந்து.

கடற்கரைப் பாதை என்னும் கோப்பு

உண்மையான மருந்து நேர்ப்பாதைதான். அது காகிதத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீளத்தில் புதிய பாதை போடும் திட்டம் 2000களின் இறுதியிலேயே ரயில்வேயின் ஏட்டில் ஏறிவிட்டது. ஆண்டுதோறும் நிதி ஒதுக்கீட்டுப் பட்டியலில் அதன் பெயரைத் தேடுவது இப்பகுதி மக்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு சடங்காகிவிட்டது. 2017இல் தனி ரயில்வே பட்ஜெட்டே பொது பட்ஜெட்டில் கரைந்துவிட்ட பிறகு, அந்தத் தேடலுக்கும் தனிப் பொழுது இல்லாமல் போனது.

இங்கே முன்பு சொன்ன 5 சதவிகிதத்தை எடுத்துக்கொள்ளலாம். புதிய பாதை ஒன்று வருவாய் தருமா என்று பார்க்க இந்திய ரயில்வே நெடுங்காலம் வைத்திருந்த அளவுகோல், போட்ட முதலுக்கு 14 சதவிகித வருவாய். கம்பெனிக்கு 5 சதவிகிதத்தை அரசு கைநீட்டிக் கொடுத்தது. தன் சொந்தப் பாதையிடம் அரசு 14 சதவிகிதத்தை எதிர்பார்த்தது. நிலத்துக்குத் தங்க விலை கேட்கப்படும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, ஆறுகளையும் உப்பங்கழிகளையும் தாண்டி, பெரும்பாலும் பயணிகளை நம்பியே ஓட வேண்டிய ஒரு பாதை இந்த அளவுகோலைத் தாண்டுவது கடினம். சமூகத் தேவை என்ற பெயரில் விதிவிலக்கு உண்டு. நாட்டின் பல பாதைகள் அப்படித்தான் வந்தன. ஆனால் விதிவிலக்குக்கு வலுவான குரல் வேண்டும். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம், கடலூர் தமிழ்நாடு. ஒரு பாதைக்கு இரண்டு அரசுகள் கூட்டாகக் குரல் கொடுப்பது எளிதாக நடப்பதில்லை. 1879இல் இருந்த அதே எல்லை, சுங்கச் சாவடி இல்லாமல், இங்கே இன்னொரு உருவில் வந்து நிற்கிறது.

இரண்டு அரசுகளும் ஒப்புக்கொண்டாலும் ஒரு நடைமுறைக் கேள்வி மிஞ்சும். புதுச்சேரி நிலையம் சுப்பையா சாலையை ஒட்டி, ஊரின் தென்கோடியில், கிழக்கு நோக்கி முட்டி நிற்கும் முனைய நிலையம். திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவின் கோபுரங்களைப் பார்த்தபடி தண்டவாளங்கள் அங்கே தடுப்புக் கட்டையில் முடிந்துவிடுகின்றன. அதற்கு அப்பால் வீடுகள், கடைகள், கடல். வடக்கிலிருந்து வந்து தெற்கே போக வேண்டிய கடற்கரைப் பாதை இந்த நிலையத்துக்குள் நுழைந்தால் விழுப்புரத்தில் செய்யும் அதே எஞ்சின் மாற்றத்தை இங்கேயும் செய்ய வேண்டிவரும். அதைத் தவிர்க்க வேண்டுமானால், ஊருக்கு மேற்கே, வில்லியனூர்ப் பக்கமாக, பழைய கிளையைக் குறுக்கே வெட்டிச் செல்லும் இடத்தில் புதிய சந்திப்பு ஒன்று அமைய வேண்டும். அப்படி அமைந்தால், 1879இன் நிலையத்துக்கு மிஞ்சுவது அந்தச் சந்திப்பிலிருந்து ஊருக்குள் வந்து போகும் சில கிலோமீட்டர்க் கிளை வண்டி மட்டும்தான்.